ஒன்பதாம் நம்பர் செட்

குணசேகர் கடலில் மூழ்கித்தான் செத்தார் என்பதில் ஈஜிபுராவின் அந்தச் சந்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எந்தக் கடல் என்பதில்தான் கொஞ்சம் கருத்து வேறுபாடு. மாவு மில்காரர் முர்டேஷ்வர் என்பார். கோடி வீட்டுக்காரர்கள் அந்தமான் என்பார்கள். எதிர்வீட்டு ரஞ்சிதம் கொஞ்ச நாள் ஒரு சுறாவையும் சேர்த்துப் பார்த்தாள். உடம்பு முழுசாக வந்ததை எல்லாரும் பார்த்திருந்ததால் சுறாவை வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

உண்மையில் அவர் செத்தது டொம்ளூர் சிக்னலில். காலையில் வேலைக்குப் போகிற வழி. சிவப்புக்கு வண்டியை நிறுத்தினார், இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டார், பச்சை விழுந்தது, அவர் நகரவில்லை. பெங்களூரில் பச்சை விழுந்தும் நகராதவனுக்கு என்னென்ன கிடைக்குமோ அத்தனையும், மூன்று பாஷையில், ஹார்னோடு சேர்த்து அவருக்குக் கிடைத்தது. ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் வண்டி சாய்ந்தது.

ஆனால் கடலுக்கடியில் போகிறவர்களுக்குச் சாமான் ரிப்பேர் பார்க்கிற மனுஷன் சிக்னலில் செத்தார் என்றால், கேட்கிறவர்களுக்கு உப்பு குறைந்த மாதிரி இருக்கிறது. அதனால் தெருவே ஒன்று சேர்ந்து அவரை மூழ்கடித்துவிட்டது. மனுஷனுக்கு நீச்சலே தெரியாது. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. அதுவும் கதைக்குத் தோதாகத்தான் போயிற்று. அவர் மனைவி தமயந்தி ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை திருத்த வாயைத் திறந்தாள். "நீ ஒண்ணும் பேசாத, மனசு தாங்காது," என்று ரஞ்சிதம் அடக்கிவிட்டாள். அதற்கப்புறம் தமயந்தி விட்டுவிட்டாள்.

அவள் அழவில்லை என்பது தெருவின் இன்னொரு மனக்குறை. வந்தவர்கள் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்கள். கோலார் தங்கவயலிலிருந்து வேன் பிடித்து வந்த சொந்தக்காரர்கள் அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, டீயும் குடித்தாயிற்று. இவள் நாற்காலி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியே உறைஞ்சு பூட்டாம்மா. ஒரு நாள் உடையும் பாரு," என்றாள் ரஞ்சிதம், உடைகிற நேரம் தான் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்கிற அக்கறையோடு. காரியம் முடிந்தது, மழைக்காலம் வந்தது. கிண்ணத்தில் குழம்பு எடுத்துக்கொண்டு ரஞ்சிதம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். குழம்புதான் செலவானது.

தமயந்தியைக் கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது. பல் பிடுங்குவதற்காக ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் கைக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

குணசேகரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் செய்வதற்கு முன்னாலேயே செய்துவிட்டதாக எழுதிவைத்துவிடுவார். அடுப்படிச் சுவரில் தொங்கும் காலண்டர்தான் அவர் எழுதுகிற இடம். 'கேஸ் புக் பண்ணியாச்சு.' 'கரண்ட் பில் கட்டியாச்சு.' 'மச்சினன் வீட்டுக்குப் போய் வந்தாச்சு.'

"போகவே இல்ல, போய் வந்தாச்சுன்னு போட்டிருக்க?" என்பாள் தமயந்தி.

"போட்டுட்டேன் இல்ல. இனிமே போய்த்தான் ஆவணும். இல்லன்னா பொய்யாயிடும்."

"இப்பவே பொய்தான்யா."

"ஞாயித்துக்கெழம சாயந்திரத்துக்குள்ள உண்மையாயிடும், பாரு."

ஆகிவிடும். அதுதான் அவளுக்கு எரிச்சல். ஒரு தடவையாவது மாட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள். மனுஷன் மழையில் நனைந்துகொண்டாவது போய், எழுதினதை உண்மையாக்கிவிட்டு வருவார். அவர்கள் போட்ட சண்டையில் பாதி அந்தக் காலண்டருக்கு முன்னால் நின்று போட்டது.

அவர் செத்தது வியாழக்கிழமை. சனிக்கிழமைக் கட்டத்தில் 'டாக்டரைப் பாத்தாச்சு' என்று இருந்தது. துக்கம் கேட்க வந்த இடத்தில் அதை முதலில் படித்தது ரஞ்சிதம். படிக்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

"எந்த டாக்டரும்மா?"

"தெரியலக்கா."

"எதுக்குப் பாத்தாரு?"

"பாக்கலக்கா."

"பாத்தாச்சுன்னு போட்டுக்கீதே."

"அப்படித்தான் போடுவாரு."

ரஞ்சிதத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அந்த டாக்டர் ஒரு வாரத்துக்குத் தெருவில் நடமாடினார். கடலில் இறங்கக் கூடாது என்று அவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டாராம், குணசேகர்தான் கேட்கவில்லையாம்.

காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் கார் ஷெட்டில் இருந்தது குணசேகர் வேலை பார்த்த கடை. போர்டில் ஆமை படம் போட்டிருந்ததால் அக்கம்பக்கத்தில் ஆமைக் கடை என்றே பேர். நடத்துகிறவன் கிரண், கன்னடக்காரன். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு போன பிறகு, லீவு போட்டுக் கடல் பார்க்கப் போய், மனசை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். இந்த ஊரில் கடல் என்பது ஒரு ராத்திரி பஸ் தூரம். ஆட்களை அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்தில் முக்கிப் பழக்கி, சனி ஞாயிறில் முர்டேஷ்வர் பக்கத்து நேத்ராணித் தீவுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீருக்கடியில் மீன் காட்டிக் கூட்டிவருவதுதான் தொழில். தண்ணீருக்கடியில் மூச்சு விடுகிற சாமான்களுக்குக் குணசேகர் பொறுப்பு, காற்றடைக்கிற சிலிண்டர்களுக்கு காக்ஸ் டவுன்காரரான தியோடர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது இரண்டும் தியோடர் தலையில்.

அவர் செத்து ஒரு மாதம் கழித்து கிரண் ஈஜிபுராவுக்கு வந்தான். தமயந்தி பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் பிரிவில் இருந்தவள். தையல் விட்ட சட்டையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை.

"கடைல ரெகார்ட் பாத்துக்க ஆள் இல்ல, அக்கா. வந்து பாருங்க. பிடிக்கலன்னா பேடா, விட்டுடுங்க."

பிடித்ததா பிடிக்கவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. போனாள்.

கடையில் ஒரு பெரிய அகலப் புத்தகம் இருந்தது. கம்ப்யூட்டர் ஆளான கிரணே இதை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாமல் தோற்றுப்போயிருந்தான். கையில் கிரீஸ் இருக்கிறவர்கள் போனைத் தொடமாட்டார்கள். ஒரு செட்டுக்கு ஒரு பக்கம். சிலிண்டர் தலையில் மாட்டுகிற பித்தளைத் துண்டு, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் வாயில் கடித்துக்கொள்கிற துண்டு, இவ்வளவும் சேர்ந்தது ஒரு செட். வருஷம் ஒரு தடவை பித்தளையைத் திறந்து, உள்ளே கழுவி, ரப்பர் வளையங்களையெல்லாம் மாற்றி மூட வேண்டும். தேதி, என்ன வேலை, செய்தவர், சரிபார்த்தவர் என்று பத்தி பத்தியாக இருக்கும். செய்தவரே சரிபார்க்கக் கூடாது. இரண்டாவது ஆள் மாட்டிப் பார்த்து, மூச்சு இழுத்துப் பார்த்து, கையெழுத்துப் போடுகிற வரைக்கும் செட்டில் சிவப்பு அட்டை தொங்கும். சிவப்பு தொங்குகிற செட் தண்ணீருக்குப் போகாது.

கிரணுக்கு இதெல்லாம் முன்னாலும் தெரியும்தான். ஆனால் தமயந்தி வந்த பிறகுதான் சிவப்பு என்றால் சிவப்பு என்று ஆயிற்று. அவனுடைய சொந்தச் செட்டையே தேதி தாண்டிவிட்டது என்று ஆணியிலிருந்து எடுக்கவிடவில்லை.

"அக்கா, அது என்னோடது."

"தண்ணிக்கு யாரோடதுன்னு தெரியுமா, கிரண்?"

அவன் நாலு நாள் வாடகைச் செட்டோடு திரிந்தான்.

சிவப்பு அட்டையோடு ஒரு செட் மட்டும் குணசேகர் போனதிலிருந்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நம்பர். புத்தகத்தில் அதற்கான பக்கத்தில் கடைசி வரி குணசேகர் எழுதியது. 'முழு சர்வீஸ். வளையங்கள் எல்லாம் புதுசு.' செய்தவர் என்ற இடத்தில் அவருடைய சாய்வான 'கு.சே.' தேதி, அவர் சிக்னலில் நின்றதற்கு முந்தின நாள். சரிபார்த்தவர் இடம் காலி.

தமயந்தி வேலைக்குச் சேர்ந்த அன்றே அதைப் பார்த்துவிட்டாள். அவர் கடைசியாகச் செய்த வேலை அந்தப் பித்தளைக்குள் இருந்தது. அந்த வளையங்களை விரலால் எடுத்து வைத்தவர் அவர், மேலே திருகி மூடியவர் அவர், அதற்கப்புறம் அதை யாரும் திறக்கவில்லை. வீட்டில் அவர் தொட்ட எல்லாவற்றையும் அவளோ சொந்தக்காரர்களோ துவைத்து, மடித்து, கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள். இது ஒன்றுதான் அவர் மூடினபடியே இருந்தது. சரிபார்த்துவிட்டால் பச்சை அட்டை மாட்ட வேண்டும். பச்சை மாட்டினால் தண்ணீருக்குப் போகும். தண்ணீருக்குப் போனால் என்றைக்காவது திறந்து கழுவுவார்கள்.

தியோடர் ஒரு தடவை கேட்டார். "சிஸ்டர், ஒன்பதாம் நம்பர நான் செக் பண்ணிடட்டுமா? ஒரு நிமிஷ வேலை."

"இருக்கட்டும்ணா. அப்புறம் பாத்துக்கலாம்."

தியோடர் ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடுகிறவர். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். அதற்கப்புறம் கேட்கவில்லை. கிரணும் கேட்கவில்லை. ஒன்பதாம் நம்பரைத் தாண்டிப் பத்தாம் நம்பரை எடுக்க இருவரும் பழகிக்கொண்டார்கள்.

மழை விட்டது. தீவுக்குப் படகு விட ஆரம்பித்தார்கள். அந்த வாரம் கிரண் காதில் போனோடு உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தான். வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸிலிருந்து ஒரு கூட்டமே மீன் பார்க்க வருகிறதாம். ஆள் எண்ணிக்கைக்குச் செட் ஒன்று குறைந்தது. அவன் ஆணிகளை ஒருமுறை பார்த்தான். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"வெளில ஒண்ணு வாடகைக்கு எடுத்துடறேன், அக்கா. தலைகெடுத்துக்காதீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"இல்ல, சும்னே சொன்னேன்." அவன் கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் ஒண்ணு யோசிச்சேன். அந்த செட்ட நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்களேன். வீட்டுல வெச்சுக்கோங்க. கடைக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல."

தமயந்தி யோசித்துப் பார்த்தாள். ஈஜிபுரா வீட்டில், புத்தர் படத்துக்குப் பக்கத்தில் குணசேகர் போட்டோ, அதற்குப் பக்கத்து ஆணியில் குழாயும் பித்தளையுமாக இது. ரஞ்சிதம் மறுநாளே குழம்புக் கிண்ணத்தோடு வருவாள். இதை மாட்டிக்கொண்டுதான் மூழ்கினார் என்பாள். வெள்ளிக்கிழமையானால் பூச்சரம் ஒன்று வந்து தொங்கும். சந்துக்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள்.

"வேணாம் கிரண்."

"ஆய்த்து. அப்ப அங்கயே இருக்கட்டும்."

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு மத்தியானம் வழக்கம்போல அவள் புத்தகத்தை எடுத்து, அந்த மாதம் தேதி முடிகிற செட்டுகளைக் குறித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் பக்கம் வந்தது. குணசேகர் எழுதின தேதிக்கு வருஷம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. தொங்கினாலும் சரி, தண்ணீருக்குப் போனாலும் சரி, ரப்பருக்கு வயசு ஒன்றுதான்; வருஷமானால் திறந்தாக வேண்டும். அவள் மற்ற பக்கங்களுக்குக் குறித்த அதே பென்சிலால் அதற்கும் ஒரு குறி போட்டாள். போட்டுவிட்டுக் குறியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிரண் செட்டுக்கு ஒரு நியாயம், புருஷன் செட்டுக்கு ஒரு நியாயமா என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேட்கமாட்டார்கள் என்பதுதான் உறுத்தியது. கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசருக்கு வேண்டியவள் தைத்த சட்டை என்று ஸ்டிக்கர் ஒட்டாமல் விடுகிற செக்கர்களை அவளுக்குத் தெரியும். அவர்களை அவளுக்குப் பிடிக்காது.

தியோடர் சிலிண்டருக்குக் காற்றடைத்துக்கொண்டிருந்தார். மோட்டார் நிற்கிற வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"ஒன்பதாம் நம்பருக்குத் தேதி வந்துடுச்சுண்ணா."

தியோடர் கையைத் துடைத்துக்கொண்டார். "இந்த வாரமேவா?"

"தேதி வந்தா வந்ததுதானே."

"செஞ்சுடலாம், சிஸ்டர்."

"பழைய சாமான ஒரு கவர்ல போட்டுக் குடுத்துடுங்க."

ஸ்கூட்டர் மெக்கானிக் எல்லாரும் செய்வதுதான். கழற்றின பழைய பாகத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மாற்றினேனா இல்லையா நீயே பார் என்று கையில் கொடுத்துவிடுவார்கள். கடையில் அந்த வழக்கம் கிடையாது. பழைய வளையங்கள் நேரே குப்பைக்குப் போகும். தியோடர் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு கவரை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தியோடர் சிவப்பு அட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பித்தளையை இடுக்கியில் வைத்து, ஸ்பேனரைப் போட்டார். திருகு வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். கறக் என்று ஒரு சத்தம்.

"குணா இவ்ளோ இறுக்கமா மூடமாட்டானே," என்றார். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது அவருக்கு.

திறந்தது. தியோடர் விளக்குக்கு நேராகத் திருப்பினார். தமயந்தியும் குனிந்தாள். உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. குச்சியால் அவர் எடுத்த முதல் வளையம் தட்டையாக நசுங்கி, விளிம்பில் வெடித்து, பழைய பிரஷர் குக்கர் கேஸ்கெட்டின் குட்டி போல இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். வாயில் கடிக்கிற துண்டைத் திறந்தால், அதற்குள்ளும் அந்த வெள்ளைப் பொடியும் காய்ந்துபோன எச்சிலும்.

தியோடர் கொயரில் சுதி தப்பினவர் மாதிரி தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"சில சமயம் இப்படி ஆகும், சிஸ்டர். ஈரக் காத்துல சும்மா தொங்கினாலே..."

"சும்மா தொங்கினதுக்கு உப்பு எங்கேருந்துண்ணா வரும்?"

அவர் நசுங்கின வளையங்களைக் கவருக்குள் போட்டார்.

"இது திறக்கவே இல்ல, இல்ல?"

"அப்படி அடிச்சு சொல்ல முடியாது..."

"வளையம் புதுசுன்னு எழுதியிருக்காரு. இது புதுசா?"

"இல்ல, சிஸ்டர்."

அவள் தலையாட்டினாள். சட்டையில் பட்டன் ஒன்று குறைகிறது என்றால் எப்படித் தலையாட்டுவாளோ அப்படி. புது வளையங்கள் இருக்கிற பாக்கெட் வேண்டும் என்றார் தியோடர், எழுந்து போகிற சாக்கில். "நீங்க வேலையப் பாருங்க," என்று அவளே எழுந்து அலமாரிக்குப் போனாள். கீழ்த்தட்டு குணசேகருடையது. வளையப் பாக்கெட்டுகளைச் செட்டு வாரியாக அடுக்கி வைத்திருப்பார். மற்றதெல்லாம் தீர்ந்து, புதுசு வந்து, மறுபடி தீர்ந்திருந்தது. ஒன்றுதான் மூலையில் கிடந்தது. பிரிக்காத பாக்கெட். மேலே ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக 9.

சாவதற்கு முந்தின நாள், அந்தப் புதன்கிழமை சாயந்திரம் அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். களைப்பாக இருக்கிறது, நாளைக்கு வெள்ளனவே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எதைப் பார்க்க என்று அவள் கேட்கவில்லை. பாக்கெட்டை எடுத்து நம்பர் போட்டு வைத்தாயிற்று. புத்தகத்தில் எழுதியும் ஆயிற்று. எழுதிவிட்டால் செய்துதானே ஆக வேண்டும். மறுநாள் காலையில் எழுதினதை உண்மையாக்கத்தான் கிளம்பினார். டொம்ளூர் வரைக்கும் போனார்.

ஒரு வருஷமாக அவள் காவல் காத்தது குணசேகர் கைவேலை இல்லை. கழுவாத நேத்ராணி உப்பு, அப்புறம் முகம் தெரியாத எவனோ ஒரு ஆபீஸ்காரனின் எச்சில். அதை நினைத்தபோது அவளுக்கு வந்தது அழுகை இல்லை. எரிச்சல். காலண்டருக்கு முன்னால் நிற்கும்போது வருமே, அதே எரிச்சல், அதே இடத்தில், பழைய சூட்டோடு. 'இப்பவே பொய்தான்யா' என்று வாய்க்குள் வந்தது. பதில் சொல்ல ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்துக்குள் உண்மையாகிவிடும் என்று சொல்ல ஆள் இல்லை.

பாக்கெட்டைக் கொண்டுவந்து தியோடர் முன்னால் வைத்தாள். அவர் நம்பரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் குணசேகரோடு பல வருஷம் வேலை பார்த்தவர். அவருக்கும் அந்தப் பழக்கம் தெரியாமல் இல்லை.

கிரண் உள்ளே வந்தபோது தியோடர் பித்தளையை வினிகரில் ஊறப்போட்டிருந்தார். விஷயத்தை அவர் கன்னடத்தில், தணிந்த குரலில் சொன்னார், தமயந்திக்குக் கன்னடம் தெரியாதது மாதிரி. கிரண் மேசைக்கு வந்தான்.

"அக்கா, விட்டுடுங்க. இன்னைக்குத் தேதி போட்டு அடுத்த வரில எழுதிடுங்க. அந்தப் பழைய வரி அப்படியே இருக்கட்டும். யார் பாக்கப்போறாங்க?"

"நான் பாப்பேன்."

"அவரு அந்த மாதிரி ஆள் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும்."

"அவரு அந்த மாதிரி ஆள்தான் கிரண். நாளைக்குச் செய்யறத இன்னைக்கே எழுதற ஆள். ஒருத்தரும் செக் பண்ணாம இதுல பச்ச மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"செக் பண்ணாம பச்ச மாட்டியிருக்க மாட்டீங்க."

"அதத்தான் சொல்றேன்."

கிரணுக்குப் போன் அடித்தது, நல்லவேளையாக எடுத்துக்கொண்டு வெளியே போனான். மறுபடி உள்ளே தலையை நீட்டி, "மெதுவா பண்ணுங்க, அவசரம் இல்ல," என்றான்.

புத்தகத்தில் தப்பாக எழுதினதை அழிக்கக் கூடாது, ஒட்டக் கூடாது, கிறுக்கக் கூடாது. ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் காரணம், கையெழுத்து. இதையெல்லாம் சட்டமாகப் போட்டவர் குணசேகர்தான். தமயந்தி ஸ்கேலை வைத்தாள். 'முழு சர்வீஸ். வளையங்கள் எல்லாம் புதுசு' என்பதன் மேல் கோடு போனது. 'கு.சே.' வந்ததும் பேனா நின்றது. அவர் கையெழுத்தை அடிக்க வேண்டுமா, வேண்டாமா? கையெழுத்து பொய் இல்லை, அவர்தான் போட்டது. அதை விட்டுவிட்டாள். பக்கத்தில் 'செய்யப்படவில்லை' என்று எழுதித் தன் பெயரை முழுசாகப் போட்டாள்.

தியோடர் அந்தி சாயும்வரை வேலை பார்த்தார். பச்சை போய்ப் பித்தளை மஞ்சளாக வந்தது. 9 என்று எழுதியிருந்த பாக்கெட்டைப் பிரித்து, ஒவ்வொரு வளையமாக கிரீஸ் தடவி உட்காரவைத்து மூடினார். அடுத்த வரியில், செய்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். செய்தவரே சரிபார்க்கக் கூடாது. கிரண் வெளியே போனில் ஆபீஸ்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"கிரண் வரட்டும், சிஸ்டர்."

"நானே பாக்கறேன்ணா."

இந்த வேலையை அவள் செய்ததில்லை. எழுதுவதோடு சரி. தியோடர் செட்டைச் சிலிண்டரில் மாட்டிக் காற்றைத் திறந்தார். தொட்டித் தண்ணீரில் பித்தளையை முக்கினார்கள். குமிழி வருகிறதா என்று இருவரும் பார்த்தார்கள். வரவில்லை. அப்புறம் அவள் அந்த ரப்பர்த் துண்டை வாயில் வைத்தாள். சைக்கிள் ட்யூப் வாசனை. மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு இழுத்தாள். காற்று குளிர்ச்சியாக, காய்ந்துபோய், கேட்ட உடனே வந்தது. விட்டாள். புஸ்ஸென்று வெளியே போனது. மறுபடி இழுத்தாள். தன் மூச்சின் சத்தத்தை அவ்வளவு கிட்டத்தில் அவள் கேட்டதில்லை; வேறு யாரோ பக்கத்தில் படுத்துத் தூங்குகிற சத்தம் மாதிரி இருந்தது. போதும் என்று தியோடர் சொன்ன பிறகும் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள். அப்புறம் எடுத்துத் துடைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் வருது."

சரிபார்த்தவர் இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பச்சை அட்டையை மாட்டினாள். பழைய வளையங்கள் இருந்த கவரைத் தியோடர் நீட்டினார். வாங்கி, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, குப்பைக் கூடையில் போட்டாள்.

சனிக்கிழமை ஒன்பதாம் நம்பர் நேத்ராணிக்குப் போனது. ஞாயிறு ராத்திரி உப்போடு திரும்பி வந்தது. அதை மாட்டிக்கொண்டு போனவர் படகிலேயே வாந்தி எடுத்தார், தண்ணீருக்குள் மட்டும் நன்றாக மூச்சு விட்டார் என்று கிரண் சொன்னான். திங்கட்கிழமை மற்றவற்றோடு சேர்த்து அதையும் கழுவித் தொங்கவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயந்திரம் தமயந்தி பஸ்ஸிலிருந்து இறங்கிச் சந்துக்குள் வந்தபோது, ரஞ்சிதம் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில், கோடி வீட்டு மாடிக்குப் புதுசாகக் குடிவந்த பெண். தெருவின் வரலாறு அவளுக்கு வீடு வீடாக ஒப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. தமயந்தியைப் பார்த்ததும் ரஞ்சிதம் குரலை ஒரு படி மட்டும் தணித்தாள். எல்லாருக்கும் கேட்கிற தணிவு.

"நான் சொல்லிங்கினு இருந்தேனே, இவ வூட்டுக்காருதான். கடல்ல..."

"கடல்ல இல்லக்கா," என்றாள் தமயந்தி.

ரஞ்சிதத்தின் கையில் கீரைத் தண்டு நின்றது.

"டொம்ளூர் சிக்னல்ல. வண்டி மேல உக்காந்தபடியே. வேலைக்குப் போயிட்டிருந்தாரு. செய்யாத வேலைய செஞ்சேன்னு எழுதி வெச்சிருந்தாரு, அதச் செய்யப் போனாரு. மாரடைப்பு. அவருக்கு நீச்சல் தெரியாது. கடல்ல எறங்கினதே இல்ல. டாக்டரையும் பாக்கல."

இவ்வளவையும் அவள் மின்சார மீட்டர் படிக்கிற குரலில் சொன்னாள். புதுப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரஞ்சிதம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தமயந்தியின் கண்ணையே பார்த்தாள், இதோ உடையப்போகிறது என்று. கண் காய்ந்துதான் இருந்தது.

"ஏம்மா, இத்தினி நாளா சொல்லவே இல்லியே," என்றாள் கடைசியில், தன்னிடமிருந்து ஏதோ பிடுங்கிக்கொண்ட மாதிரி.

"இப்ப சொல்லிட்டேன்க்கா."

வீட்டைத் திறந்து உள்ளே போனாள். அடுப்படிச் சுவரில் போன வருஷக் காலண்டர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் மேல் இந்த வருஷத்தது. அரிசி களைந்து வைத்தாள்.

தெரு ஒரு வாரம் தடுமாறியது. மாவு மில்காரர் கொஞ்ச நாள் முர்டேஷ்வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரும் டொம்ளூருக்கு வந்துவிட்டார். வெறும் சிக்னலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட்டுவது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதம் கிண்ணத்தில் குழம்போடு வந்தாள், அடுப்படி வரைக்கும் வந்து நின்றாள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"ஏன் தமயந்தி, ஜனங்க சொல்லிக்கிறாங்க, சிக்னல்ல நிக்கும்போது அவரு மூஞ்சில அந்தக் கடல் மாஸ்க்கு மாட்டிங்கினு இருந்தாராமே. அதான் மூச்சு அடச்சுடுச்சாமே."

தமயந்தி கிண்ணத்தை வாங்கி, குழம்பை வேறு பாத்திரத்தில் ஊற்றி, கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அவள் கையில் கொடுத்தாள்.

"மாஸ்க் இல்லக்கா," என்றாள். "ஹெல்மெட்."